ரப்பர் கரியுற மணம் வந்தா முதல்ல பாக்க வேண்டியது, அது எப்போ வருதுன்னுதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஓடிக்கிட்டிருந்த கார் தீப்பிடிச்சதுன்னு செய்தி வந்தா எல்லா பேப்பர்லயும் கடைசி வரி ஒண்ணுதான், "மின்கசிவு காரணமாக இருக்கலாம் என்று கூறப்படுகிறது". உங்க பேப்பரும் இதுக்கு விலக்கில்ல, கோவிச்சுக்காதீங்க. மின்கசிவு இல்லன்னு நான் சொல்ல வரல, இருக்கலாம். ஆனா வண்டி ஓட்டினவர்கிட்ட, இதுக்கு முன்னால ஏதாவது கரிஞ்ச மணம் வந்துச்சா, எத்தனை நாளா வந்துச்சுன்னு ஒரு நிருபர் கேட்டு எழுதினதா நான் படிச்சதே இல்ல. அடுத்த தடவை கேட்டு எழுதச் சொல்லுங்க, படிக்கிறவனுக்கு அந்த ஒரு வரி பிரயோஜனப்படும்.

நான் பஸ் டெப்போ ஒர்க்‌ஷாப்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவன், இப்போ குலசேகரம் பக்கம் வீட்டோட இருக்கேன். சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க, தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு யாராவது வண்டியோட வாசல்ல வந்து நிப்பாங்க, அதுல அடிக்கடி கேக்குற கம்ப்ளெயின்ட் இதுதான்: "ரப்பர் கரியுத மணம் வருது, என்ன போச்சுன்னு பாருங்க". என்ன போச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும், எனக்க மூக்கா அந்த வண்டியில போச்சு? அது எப்போ வருதுன்னு தெரிஞ்சாத்தான் எங்க இருந்து வருதுன்னு பிடிக்க முடியும். அது தெரியாம ஒவ்வொண்ணா மாத்திப் பாத்தா காசுதான் கரியும்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல இதுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. திற்பரப்பு, அருமனை, பேச்சிப்பாறை, கடையாலுமூடு அந்தப் பக்கமெல்லாம் எங்க திரும்பினாலும் ரப்பர் தோட்டம், ஷீட் அடிச்சு புகைப்புரையில போடுற வீடுங்க, ஒட்டுப்பால் (மரத்துலயும் சிரட்டையிலயும் உறைஞ்சுபோன ரப்பர் பால்) சாக்கு ஏத்தின வண்டிங்க. பிறந்ததுல இருந்து அந்த மணத்துல கிடந்த மூக்குக்கு ரப்பர் மணம்னா ஒரு பொருட்டே இல்ல. காருக்குள்ள லேசா வந்தா "எங்கயோ ஷீட் போடுறாங்க போல"ன்னு கண்ணாடிய ஏத்திவிட்டுட்டுப் போயிடுறாங்க. ஆனா ரெண்டும் ஒரே மணம் இல்ல கேட்டியளா. பாலை ஆசிட் விட்டு உறைய வச்சு விறகுப் புகையில உணத்துற ஷீட்ல ஒரு புளிப்பு இருக்கும், கூடவே விறகுப் புகையும் இருக்கும். வண்டியில இருக்கிற பெல்ட், ஹோஸ், டயர் எல்லாம் கந்தகம் சேத்து சூட்டுல வேகவச்ச ரப்பர், 1839ல சார்லஸ் குட்இயர் கண்டுபிடிச்ச வழி அது, இன்னைக்கும் அடிப்படை அதுதான். அது கரிஞ்சா காரமா மூக்குல ஏறும், தொண்டை கரகரக்கும். சந்தேகமா இருந்தா நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு ஏசியில வெளிக்காத்து உள்ள வாற பக்கம் மாத்திட்டு கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்க. தோட்டம் தாண்டியும் மணம் கூடவே வந்தா அது உங்க வண்டிக்க மணம்தான், ரப்பர் கடைக்காரர் மேல பழி போடாதீங்க.

இன்னொண்ணு, ரப்பர்னு சொல்றது எல்லாம் ரப்பரா இருக்கணும்னு இல்ல. கிளட்ச் பிளேட் சூடாகினா கரிஞ்ச காகிதம் மாதிரி வரும், பிரேக் பேடு சூடாகினாலும் கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனா ஓட்டுறவங்க எல்லாரும் அதையும் ரப்பர்னுதான் சொல்லுவாங்க. ஆயில் சைலன்சர்ல சொட்டினா காஞ்ச எண்ணெய் கரிஞ்ச மணம், கூலன்ட் லீக்னா இனிச்ச மணம். ஒயர் உருகினா பிளாஸ்டிக் கரிஞ்சதும் மீன் கவிச்சியும் சேர்ந்த ஒரு மணம், அதைத் தனியா கடைசில சொல்றேன், அது வேற கதை.

எனக்க மச்சினன் மகன் கல்ஃப்ல இருந்து லீவுக்கு வந்தவன், கொளச்சல் பக்கம் வீடு, கார் மாசக்கணக்கா ஷெட்டுல கிடந்தது. வந்து எடுத்து ஓட்டினதும் கரிஞ்ச மணம். ஒரு ஒர்க்‌ஷாப்ல கிளட்ச் போயிடுச்சுன்னு சொல்லி செட்டையே மாத்தினாங்க, மணம் போகல்ல. பெறவு பெல்டுன்னு சொல்லி பெல்டையும் மாத்தினாங்க, அப்பவும் போகல்ல. எந்த ஒர்க்‌ஷாப்னு நான் சொல்லப் போறதில்ல, ஏன்னா அங்க மட்டும் நடக்கிற விஷயம் இல்ல இது. அவன் என்கிட்ட வந்து, "மாமா, இனி என்னத்த மாத்த?"ன்னான்.

"எப்போ வருது மக்கா?"

"எப்பவும்தான் மாமா."

"ஏசி போட்டாலா, மேடு ஏறும்போதா, காலைல ஸ்டார்ட் பண்ணின உடனேயா?"

"அதெல்லாம் யாரு மாமா பாத்தா."

அப்போ பாத்துட்டு வான்னு அனுப்பிட்டேன். நாகர்கோவில் வரைக்கும் போயிட்டு வந்தவன் சொன்னான், எடுத்த உடனே ஒண்ணும் இல்ல, கொஞ்ச தூரம் ஓடின பிறகுதான் வருது, நிறுத்திட்டு சுத்தி நடந்தா இடது பக்கம் பின் சக்கரத்துக்கிட்ட ஜாஸ்தியா இருக்கு. அவ்வளவுதான், பாதி வேலை முடிஞ்சாச்சு. ஜாக்கி வச்சு தூக்கி, ஹேண்ட் பிரேக்க இறக்கிட்டு சக்கரத்த சுத்தினா சுத்தல. ஹேண்ட் பிரேக் போட்டு அப்படியே விட்டுட்டுப் போயிருக்கான், உப்புக்காத்துல கேபிள் உள்ளயே துரு ஏறிப் பிடிச்சிருக்கு, லீவர் இறங்கினாலும் பிரேக் ஷூ சக்கரத்தோட சுத்துற டிரம்ம விடல, அப்படியே தேச்சுக்கிட்டே ஓடியிருக்கு. கேபிளும் ஷூவும் மாத்தினதோட மணம் நின்னுச்சு. நல்லா இருந்த கிளட்ச் பழைய இரும்புக் கடைக்குப் போனதுதான் மிச்சம்.

இது நம்ம மாவட்டத்து வியாதின்னே சொல்லலாம். வீட்டுக்கு ஒரு ஆள் வெளிநாட்டுல, வண்டி ஷெட்டுல. முட்டம், மணவாளக்குறிச்சி, தேங்காப்பட்டணம், தூத்தூர் அந்தக் கடலோரத்துல உப்புக்காத்து இரும்ப சும்மா விடாது. மாசக்கணக்கா போடுற வண்டிக்கு ஹேண்ட் பிரேக் வேண்டாம், சமதளத்துல நிறுத்தி, முதல் கியர்ல போட்டு, சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கட்டையோ கல்லோ வச்சாப் போதும். வீட்ல யாராவது வாரத்துக்கு ஒருக்கா எடுத்து கொஞ்ச தூரம் ஓட்டினா இன்னும் நல்லது, சும்மா ஷெட்டுல ஸ்டார்ட் பண்ணி உறும விட்டா பிரேக்குக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. வெளிய எடுக்கதுக்கு முன்ன பானட்ட திறந்து பாக்கணும், தேங்காத்தும்பும் சருகும் வச்சு எலி கூடு கட்டியிருக்கும், எக்ஸாஸ்ட் (புகைக்குழாய்) மேல அது கிடந்தா கரிஞ்ச மணத்தோட நிக்காது, தீயே பிடிக்கும்.

முன் சக்கரத்துல டிஸ்க் பிரேக் ஒட்டிக்கிட்டாலும் இதே மணம்தான். கண்டுபிடிக்க பெரிய மெஷின் வேண்டாம். பிரேக்க அதிகம் மிதிக்காம கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் பக்கத்துல உள்ளங்கைய கொண்டுபோங்க, தொடாதீங்க, தொட்டா தோல் போயிடும். ஒரு சக்கரத்துல மட்டும் அனல் அடிச்சா அங்கதான் விஷயம். வண்டி ஒரு பக்கமா இழுக்கிறது, நியூட்ரல்ல போட்டா லேசான இறக்கத்துல கூட உருளாம நிக்கிறது, இதெல்லாம் கூட வரும். ஒர்க்‌ஷாப்காரங்களுக்கு ஒரு வார்த்தை, இது தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், ஆனா அவசரத்துல செய்யிறதில்ல: சக்கரம் இறுகியிருக்கும்போதே, டிஸ்க்க கவ்விப் பிடிக்கிற காலிபர்ல உள்ள பிளீடர, அதாவது பிரேக் ஆயில வெளிய விடுற திருகாணிய, லேசா லூஸ் பண்ணிப் பாருங்க. சக்கரம் விட்டுச்சுன்னா காலிபர கழட்டாதீங்க, பிரஷர் திரும்பிப் போகாம நிக்குது, ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள்ள வீங்கி அடைச்சிருக்கலாம், பெடல மிதிச்சா பிரேக் ஆயில தள்ளுற மாஸ்டர் சிலிண்டரா இருக்கலாம். விடலேன்னா அப்போ காலிபர் பிஸ்டனோ, அது நகருற பின்னோ பிடிச்சிருக்கு. நிமிஷத்துல முடியிற இந்த சோதனைய விட்டுட்டு காலிபர் மாத்தணும், ஆயிரக்கணக்குல ஆகும்னு சொன்னா கேக்கிறவன் என்ன செய்வான். அந்த பின்னுக்குப் போடுற கிரீஸும் பிரேக்குக்குன்னு விக்கிற கிரீஸாத்தான் இருக்கணும், கைக்குக் கிடைச்ச சாதாரண கிரீஸ அப்பினா ரப்பர் ஊதிப்போய் திரும்பவும் பிடிக்கும்.

பொன்முடி மலைக்குப் போயிட்டு 22 கொண்டை ஊசி வளைவும் பிரேக்கிலேயே மிதிச்சு இறங்கி வந்து மணம் வருதுன்னு சொன்னா அது ரிப்பேர் இல்ல, ஓட்டுற விதம். கோதையாறு ரோட்டுலயும் அப்படித்தான். ஏறின கியர்லயே இறங்கணும்னு எங்க காலத்து டிரைவருங்க சொல்றது ஆட்டோமேட்டிக் வண்டிக்கும் பொருந்தும், அதுலயும் சின்ன கியர்ல பூட்டி வைக்க வழி உண்டு, ஓட்டுறவங்க அந்தப் பக்கம் கையே கொண்டுபோறதில்ல. சூடான சக்கரத்துல ஆத்துத் தண்ணிய கோரி ஊத்தாதீங்க, டிஸ்க் வளைஞ்சிரும், ஓரமா நிறுத்தி ஆற விடுங்க.

அடுத்தது இன்ஜின்ல ஓடுற பெல்ட். ரப்பர் மணம்னு சொல்லி உண்மையிலேயே ரப்பர் கரியுறது பெரும்பாலும் இங்கதான். காலைல ஸ்டார்ட் பண்ணும்போது கீச்சுன்னு சத்தம், மழையில நனைஞ்சா கூடுதல் சத்தம், ஏசி போட்டதும் மணம், இப்படி வந்தா பானட்டுக்கு அடியில பாருங்க. இன்ஜின் ஓடும்போது கைய உள்ள விடக்கூடாது, தளர்ந்த சேலை முந்தானையோ துண்டோ கழுத்துல தொங்கக்கூடாது, இத சொல்லாம விட முடியாது. இன்ஜின ஆஃப் பண்ணிட்டு பெல்டோட உள்பக்கத்த லைட் அடிச்சுப் பாத்தா பளபளன்னு கண்ணாடி மாதிரி இருந்தா வழுக்கி வழுக்கி கரிஞ்சிருக்குன்னு அர்த்தம். முன்னெல்லாம் பெல்ட்ல விரிசல் எண்ணித்தான் மாத்துவோம், இப்போ வாற பெல்ட் அந்த மாதிரி சீக்கிரம் விரியாது, உள்பக்கத்து வரி தேஞ்சு பள்ளம் ஆழமாகிப்போகும், அதனால "விரிசல் இல்ல சார், நல்லாத்தான் இருக்கு"ன்னு சொன்னா நம்ப வேண்டாம்.

பெல்ட் ஏன் வழுக்குதுன்னு கண்டுபிடிக்காம புது பெல்ட் போட்டா அதுவும் கரியும். பெல்ட இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், பெல்ட வழி மாத்தி விடுற ஐட்லர் புல்லி பேரிங் பிடிச்சிருக்கலாம், பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டர் இறுகியிருக்கலாம், ஏசி கம்ப்ரசரா இருக்கலாம், மேல இருந்து ஆயிலோ கூலன்டோ சொட்டி பெல்ட் ஊறியிருக்கலாம். பெல்ட கழட்டிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால சுத்திப் பாத்தா எது கரகரங்குது, எது ஆடுதுன்னு கைக்கே தெரியும். ஏசிய அணைச்சா மணம் நிக்குதுன்னா கம்ப்ரசர் பக்கம் சந்தேகப்படலாம், ஆனா அணைச்ச பிறகும் வந்தா கம்ப்ரசர் இல்லன்னு முடிவு கட்டிடாதீங்க, ஏசி அணைச்சாலும் அதோட புல்லி சுத்திக்கிட்டேதான் இருக்கும், பேரிங் போயிருந்தா அப்பவும் கரியும். சத்தத்துக்கு ஒரு தண்ணி வைத்தியம் இருக்கு, ஓடுற பெல்டோட வரி பக்கம் தூரத்துல நின்னு கொஞ்சம் தண்ணி ஸ்ப்ரே பண்ணினா, சத்தம் அடங்கி கொஞ்ச நேரத்துல திரும்ப வந்தா புல்லி நேர்ல இல்ல, சத்தம் இன்னும் கூடினா டென்ஷன் பத்தல. இத மெக்கானிக் செய்யட்டும், நீங்க பக்கத்துல நின்னு பாருங்க. சோப்பு தேக்கிறது, ஸ்ப்ரே அடிச்சு சத்தத்த அமுக்கிறதெல்லாம் ரோட்டுல நடுவழியில நிக்கிறதுக்குத்தான் வழி. பெல்ட் அறுந்தா பேட்டரி லைட் எரியும், சில வண்டியில தண்ணி பம்பும் அதுலதான் ஓடும், அப்படின்னா சூடு ஏறி இன்ஜினே போகும், வீடு வரைக்கும் போயிடலாம்னு நினைக்காதீங்க.

கிளட்ச் மணத்துக்கு மார்த்தாண்டம் ஜங்ஷன விட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. மேல பாலம் வந்த பிறகும் கீழ கடை, பஸ்ஸு, ஆட்டோன்னு ஊர்ந்துதான் போகணும், அரை கிளட்ச்லயே வண்டிய பிடிச்சு நிறுத்துறது ஒரு பழக்கமாவே ஆகிப்போச்சு. வீட்டு வாசல் மேட்டுல ரிவர்ஸ் எடுக்கும்போதும் வரும், நம்ம ஊரு வீடுங்க பாதி மேட்டுலயும் பள்ளத்துலயும்தானே இருக்கு. ஒரு தடவை வந்து ஆறினதும் போச்சுன்னா விடுங்க. தொடர்ந்து வந்தா காலியான ரோட்டுல நாலாவது கியர்ல 40, 50 வேகத்துல போய் ஆக்சிலேட்டர ஒரே மிதியா மிதிச்சுப் பாருங்க, இன்ஜின் கத்துது வேகம் ஏறலேன்னா கிளட்ச் வழுக்குது. அப்பவும் செட்ட மாத்தச் சொல்றதுக்கு முன்ன, கேபிள் கிளட்ச் உள்ள சின்ன வண்டிகள்ல பெடலுக்கு ஃப்ரீ பிளே இருக்கான்னு கேளுங்க, கேபிள் இறுகி பெடல்ல ஆட்டமே இல்லேன்னா பிளேட் முழுசா அழுந்தாது, அட்ஜஸ்ட் பண்றதுக்கு ஸ்பேனர் ஒண்ணு போதும். ரொம்ப நாள் அப்படியே ஓட்டியிருந்தா பிளேட் தேஞ்சிருக்கும், அது வேற.

மத்ததெல்லாம் சின்ன விஷயம்தான், ஆனா நிறைய பேர அலைய விடும். ரப்பர் மரத்துல மழைக்காலத்துல பால் வெட்டணும்னு பாலிதீன் பாவாட கட்டுவோம்ல, அது கிழிஞ்சு தோட்டத்து வழியில கிடக்கும், வண்டி மேல ஏறிப்போகும்போது சைலன்சர்ல ஒட்டிக்கும், ஓட்ட ஓட்ட உருகி நாறும். குனிஞ்சு பாத்தாலே தெரியும், ஆறின பிறகு சுரண்டினாப் போயிடும். ஷோவுக்கு அகல டயர் போட்டவங்க, கல்யாணத்துக்கு ஏழு பேரும் ஒரு வாழைக்குலையுமா ஏத்திட்டுப் போறவங்க, டயர் உள்பக்கம் மட்கார்டுல உரசுதான்னு பாக்கணும், திருப்பத்துலயும் குழியிலயும் மட்டும் மணம் வந்தா அதுதான். ஆயில் மாத்தின அன்னைக்கு வந்தா சிந்தின ஆயில் எக்ஸாஸ்ட்ல கரியுது, நின்னுரும். நிக்காம வந்தா மேல் கவர் பேக்கிங் லீக். புது கிளட்ச், புது பிரேக் பேடு போட்டாலும் கொஞ்ச தூரத்துக்கு மணம் இருக்கும், பயப்பட வேண்டாம்.

ஒயர் கரியுற மணம் மட்டும் இதுல சேராது. அதுக்கு எப்போ வருதுன்னு பாத்துட்டு உக்காரக்கூடாது, உடனே ஓரங்கட்டி சாவிய ஆஃப் பண்ணி எல்லாரையும் இறக்கணும். கூடுதல் லைட்டு, பெரிய ஹாரன், பாட்டுப்பெட்டின்னு ரிலே இல்லாம, பியூஸ் இல்லாம ஒயர உரிச்சு முடிச்சுப் போட்ட வண்டி நம்ம ஊர்ல எத்தனை ஓடுது. சபரிமலை சீசன்ல கன்னியாகுமரிக்கு வாற வேன்கள்ல சீரியல் லைட்ட சுத்தியிருக்கிறதப் பாத்தா எனக்கு வயித்தக் கலக்கும். 10 ஆம்பியர் பியூஸ் எரிஞ்ச இடத்துல 30 போடுறது, அது கூட இல்லாம செம்புக் கம்பிய முறுக்கி வைக்கிறது, அப்போ எரியப் போறது பியூஸ் இல்ல, ஒயரு. பானட் இடுக்குல புகை வந்தா பானட்ட முழுசா தூக்காதீங்க, காத்து உள்ள போனா குபீர்னு பிடிக்கும். பையி, போனு எடுக்கத் திரும்பிப் போகாம தள்ளி நின்னு 101க்கோ 112க்கோ அடிங்க.

டிரைவிங் ஸ்கூல்ல எட்டு போடச் சொல்லிக்குடுக்கிறாங்க, சிக்னல் காட்டச் சொல்லிக்குடுக்கிறாங்க, பானட்ட திறக்கச் சொல்லிக்குடுக்கிற ஸ்கூல் எத்தனை இருக்கு? நாகர்கோவில், மார்த்தாண்டம் ரெண்டு ஆர்டிஓ ஆபீஸும் மனசு வச்சா ஜூன் மழைக்கு முன்ன மே மாசத்துல ஒரு நாள், டிஎன் 74, டிஎன் 75 சொந்த வண்டிக்காரங்களுக்கு இலவச செக்கப் கேம்ப் வைக்கலாம், சக்கரத்த தூக்கி சுத்திப் பாக்கிறது, பெல்ட், பியூஸ் பெட்டி, இந்த மூணு போதும். கோணம் அரசு ஐடிஐ மெக்கானிக் பிள்ளைங்களையும் அதுல சேத்துக்கிட்டா அவங்களுக்கும் கைப்பழக்கம் ஆகும், வித விதமான வண்டி பாத்த மாதிரியும் இருக்கும். உங்க பேப்பர் முன்ன நின்னு கேட்டா அதிகாரிங்க காது கொடுப்பாங்கன்னு நினைக்கேன். கேம்ப் நடந்தா கூப்பிடுங்க, எனக்க ஜாக்கியும் ஸ்பேனர் பெட்டியும் எடுத்துக்கிட்டு வாறேன், சம்பளம் வேண்டாம், மத்தியானம் சோறு போட்டாப் போதும்.

இப்படிக்கு,
பஸ் டெப்போ முன்னாள் மெக்கானிக் ஒருவர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.